புது போனில் கஸ்டம் ராம் வேண்டாம், இழுப்பறையில் கிடக்கும் போனில் போடுங்கள்

கேள்வி இதுதான்: பத்தாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய ரெட்மி, அதில் ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. திரையைத் தட்டினாலே விளம்பரம். "சீன போன் எல்லாமே வேவு பார்க்கும், கஸ்டம் ராம் போட்டுவிடு" என்கிறார் நண்பர். போட்டால் தனியுரிமை கிடைக்குமா? பேங்க் ஆப்பும் யுபிஐயும் ஓடுமா? வீட்டில் ஒரு பழைய ரெட்மி நோட் 5 ப்ரோ சும்மா கிடக்கிறது, அதை என்ன செய்யலாம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது போனில் கை வைக்காதீர்கள். அதில் உங்களைத் தொந்தரவு செய்வதில் முக்கால்வாசியை ஒரு மாலை நேரத்தில், பூட்லோடரைத் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) தொடாமலே அகற்றிவிடலாம். பழைய போனில் தாராளமாகப் போடுங்கள். ஏன் இந்தப் பாரபட்சம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

(ராம் என்றால் 6 ஜிபி, 8 ஜிபி என்று கடையில் சொல்வார்களே, அந்த ரேம் இல்லை. போனில் முதலிலேயே எழுதப்பட்டு வரும் மொத்த இயங்குதளத்துக்கு இந்த வட்டாரத்தில் ராம் என்று பெயர். அதை எடுத்துவிட்டு வெளியார் கட்டியதைப் போட்டால் கஸ்டம் ராம்.)

நண்பர் சொன்னதில் இருந்து தொடங்குவோம். மலிவு போன் ஏன் இப்படி இருக்கிறது? 2018 ஏப்ரலில் ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மியின் தலைவர் லெய் ஜுன், ஹார்ட்வேரில் எங்கள் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக வாக்குக் கொடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனி அந்த ஐந்து சதவீதத்தில் மட்டும் வாழாது. மீதியை விளம்பரத்திலும், ஆப் கடையிலும், முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் ஆப்களுக்கு வாங்கும் காசிலும் எடுக்கிறது. போனை வாங்கும்போது நாம் கொடுத்தது முதல் தவணை மட்டுமே.

இது சீனத்து வழக்கம் மட்டும் என்று நினைத்தால் தப்பு. பூட்டுத்திரையில் படமும் செய்தியுமாக ஓடும் கிளான்ஸ், இந்தியர்கள் தொடங்கிய இன்மொபி குழுமத்துச் சரக்கு. அது ஷாவ்மியிலும் இருக்கும், கொரியக்காரரான சாம்சங்கிலும் இருக்கும். சாம்சங்கின் ஏ, எம் வரிசை மலிவு போன்களில் வரும் ஆப்கிளவுட் என்ற ஆப்பைப் பற்றி, லெபனானைச் சேர்ந்த ஸ்மெக்ஸ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2025ல் சாம்சங்குக்குத் திறந்த கடிதமே எழுதியது. கேட்காமலே ஏற்றப்பட்டு, எளிதில் நீக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆப்புக்குப் பின்னால் இருப்பது இஸ்ரேலில் பிறந்த அயர்ன்சோர்ஸ். அதனால் போன் எந்த நாட்டது என்பதைவிட என்ன விலைக்கு விற்றது என்பதைப் பார்த்தால் அதிகம் புரியும்.

ஆனால் விளம்பரம் வேறு, வேவு வேறு. விளம்பரம் கண்ணுக்குத் தெரிகிற எரிச்சல். நிஜமாகப் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2016 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. ப்ளூ ஆர்1 ஹெச்டி என்று ஐம்பது டாலர் போன். அதை கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த ஒரு மென்பொருள் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை எஸ்எம்எஸ்களை முழுசாக, யாரிடம் பேசினோம் என்ற பட்டியலோடு சேர்த்து ஷாங்காயில் இருந்த சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மென்பொருளின் பெயர் ஆடப்ஸ். அது என்ன ஆப் தெரியுமா? போனுக்கு அப்டேட் கொண்டுவந்து தரும் ஆப். பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வரும் வண்டியிலேயே திருடன் உட்கார்ந்திருந்தான். தங்கள் போனில் இப்படி நடப்பது தங்களுக்கே தெரியாது என்றது ப்ளூ. இதெல்லாம் சேர்ந்து 2018ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதில் போய் முடிந்தது.

கம்பெனிக்கே தெரியாமல் எப்படி? 2019 ஜூனில் கூகுளே இதை விளக்கியது. டிரையடா என்ற கெட்ட மென்பொருள் புத்தம்புது போன்களுக்குள் வந்த கதை அது. சின்ன போன் கம்பெனியிடம் முகம் காட்டித் திறக்கும் வசதியை எழுதும் ஆள் இருக்காது. இயங்குதளத்தை அப்படியே ஒரு வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, இதைச் சேர்த்துத் தா என்பார்கள். அவர் சேர்த்துத் தருவார், கூடவே இன்னொன்றையும் சேர்த்துத் தருவார். 2020ல் ஆப்பிரிக்க நாடுகளில் விற்ற டெக்னோ டபிள்யூ2 போனில் இதே டிரையடா சிக்கியது. ஏழைகளின் ப்ரீபெய்டு காசை, அவர்கள் கேட்காத சேவைகளுக்குச் சந்தா கட்டித் தின்றுகொண்டிருந்தது. இப்படி வருவதை நீங்கள் ஆப் பட்டியலில் தேடிப் பிடிக்க முடியாது, ஃபேக்டரி ரீசெட்டிலும் போகாது. சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெயர் தெரியாத கம்பெனியின் போனையும், "எல்லா சேனலும் ஃப்ரீ" என்று விற்கிற டிவி பாக்ஸையும் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

உங்கள் ரெட்மி இந்த வகை இல்லை. பெரிய கம்பெனிகள் செய்வது இன்னொரு வகை. 2020 ஏப்ரல் கடைசியில் ஃபோர்ப்ஸில் ஒரு செய்தி வந்தது: ஷாவ்மியின் சொந்த பிரவுசர், இன்காக்னிடோவில் போனாலும் நீங்கள் பார்க்கும் தளங்களைக் குறித்து அனுப்புகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். முதலில் கம்பெனி மறுத்தது. சில நாளில் அதை நிறுத்திவைக்க ஒரு பொத்தானோடு அப்டேட் விட்டது. இல்லாத ஒன்றை நிறுத்த எதற்குப் பொத்தான் என்று அப்போது எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வருடம் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டக்ளஸ் லெய்த் குழு செய்த இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஊகம் இல்லாமல், போனில் இருந்து வெளியே போகும் டேட்டாவைப் பிடித்து எண்ணிப் பார்த்த வேலை. முதலாவதில், ஆண்ட்ராய்டோ ஐபோனோ, யாரும் தொடாமல் கிடந்தாலும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் முதலாளியோடு பேசுகிறது என்று தெரிந்தது. 2021 அக்டோபரில் வந்த இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. சாம்சங், ஷாவ்மி, ஹுவாவெய், ரியல்மி போன்களை ஒரு பக்கம் வைத்து, லினேஜ் ஓஎஸ், இ ஓஎஸ் என்ற இரண்டு கஸ்டம் ராம்களை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்கள். ஷாவ்மி போன், எந்த ஆப்பின் எந்தத் திரையை எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது வரை அனுப்பியது. இ ஓஎஸ்ஸிலிருந்து கிட்டத்தட்ட எதுவுமே போகவில்லை. சரி, லினேஜ்? கூகுளுக்கு அதிலிருந்தும் மற்ற போன்களைப் போலவே போய்க்கொண்டிருந்தது. ஏனென்றால் அதில் அவர்கள் கூகுள் ஆப்களையும் ஏற்றியிருந்தார்கள், நம் ஊரில் எல்லோரும் ஏற்றுவது போல.

நண்பருக்குப் புரிய வேண்டிய இடம் இதுதான். கஸ்டம் ராம் போட்டுவிட்டு மேலே கூகுள் பிளே சர்வீசஸை ஏற்றினால், வீட்டில் இருந்த இரண்டு ஒற்றர்களில் ஒருவரை வெளியேற்றி இருக்கிறீர்கள், அவ்வளவுதான். தங்கியவர்தான் பெரியவர். அவரையும் அனுப்பினால்தான் தனியுரிமை என்ற பேச்சுக்கே அர்த்தம். அனுப்பினால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ராம் எதை மாற்றுகிறது, எதை மாற்றாது என்றும் பார்த்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டின் உடம்பு திறந்த மூலம், யாரும் எடுத்துக் கட்டலாம். அதன் மேல் கம்பெனி தன் சட்டையைப் போடும், அதற்கும் மேல் கூகுளின் சேவைகள். அடியில் சிப் கம்பெனி கொடுத்த, மூலம் வெளியிடாத துண்டுகள்: மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி), கேமரா, கைரேகை இதற்கெல்லாம். கஸ்டம் ராம் நடுவையும் மேலையும் மாற்றும். அடியில் இருப்பது, கம்பெனி கடைசியாக விட்ட அப்டேட்டில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். செட்டிங்ஸில் பாதுகாப்புத் தேதி போன மாதம் என்று காட்டினாலும், மோடத்துக்குள் மூன்று வருடப் பழைய ஓட்டை இருக்கலாம். சிம் கம்பெனிக்கு நீங்கள் எந்த டவரில் இருக்கிறீர்கள் என்பது எந்த ராமிலும் தெரியும். வாட்ஸ்அப்புக்கு நீங்களாகக் கொடுத்த தொடர்புப் பட்டியலை எந்த ராமும் திரும்ப வாங்கித் தராது.

இனி பூட்லோடர். போன் விழித்தெழும்போது முதலில் ஓடுவது இது. கம்பெனி முத்திரை போட்ட இயங்குதளமா என்று சரிபார்த்து உள்ளே விடும் வாயில்காப்பான். ராம் போட வேண்டுமானால் அவனை நிரந்தரமாக லீவில் அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முறை போனைப் போடும்போதும் ஓர் எச்சரிக்கை வரும். அது சும்மா மிரட்டல் இல்லை. பத்து நிமிடம் உங்கள் போன் கையில் கிடைத்தால், கேபிள் வைத்திருக்கும் யாரும் சிஸ்டத்தை மாற்றி எழுதிவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் படங்கள் பின் நம்பரால் பூட்டப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை அந்தப் பின் நம்பரை நீங்கள் தட்டுவது, மாற்றி எழுதப்பட்ட சிஸ்டத்தில். இதனால்தான் தனியுரிமை வட்டாரத்தில் பெரிய பெயர் எடுத்த கிராஃபீன் ஓஎஸ் என்ற கஸ்டம் ராம், கூகுளின் பிக்சலை விட்டு வேறு போனுக்கு வராமல் இருந்தது. பிக்சலில் சொந்தச் சாவியைப் போட்டு வாயிலைத் திரும்பப் பூட்ட முடியும். பெரும்பாலான மலிவு போன்களில் முடியாது.

பூட்லோடர் திறப்பதே இப்போது கம்பெனி தயவில்தான் இருக்கிறது. விவோவில் வழியே இல்லை. ரியல்மி சில மாடல்களுக்கு மட்டும், அதற்கென்று தனி ஆப் வைத்து அனுமதிக்கும். சாம்சங்கில் திறந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்புக்கு உள்ளே ஒரு ஃபியூஸ் எரிந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் அது ஒட்டாது. ஒன் யூஐ 8 வந்த பிறகு திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். மோட்டோரோலா பல மாடல்களுக்குத் தன் தளத்திலேயே குறியீடு கொடுக்கிறது, வாரண்டியை மறந்துவிட வேண்டும். ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் தாய்வீடாக இருந்தது ஷாவ்மி. கணக்கை இணைத்துவிட்டு 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம் காத்திருந்தால் திறந்துவிடும். ஹைப்பர் ஓஎஸ் வந்ததும் அதையும் இறுக்கிவிட்டார்கள்: அவர்களுடைய கம்யூனிட்டி ஆப்பில் விண்ணப்பிக்க வேண்டும், தினமும் இத்தனை பேருக்குத்தான் என்ற ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவுக்குத் திறக்கும். நமக்கு அது இரவு ஒன்பதரை. தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்குக் கை கொஞ்சம் வேகமாக ஓடும்.

திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மாடலுக்கு ராம் இருக்க வேண்டுமே! இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது. ரெட்மி நோட் 10, 10எஸ் இரண்டும் ஒரே வருடத்து போன்கள், பெட்டியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நோட் 10க்குள் இருப்பது ஸ்னாப்டிராகன் 678, 10எஸ்ஸுக்குள் மீடியாடெக் ஹீலியோ ஜி95. ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் எழுதினால் போன் செங்கல். (இந்த வட்டாரத்தில் செத்த போனுக்குச் செங்கல் என்றே பெயர்.) அதனால் டெவலப்பர்கள் கடைப் பெயரால் பேச மாட்டார்கள், கம்பெனி உள்ளே வைத்த குறிப்பெயரால் பேசுவார்கள்: நோட் 10 மொஹிட்டோ, 10எஸ் ரோஸ்மேரி, 10 ப்ரோ ஸ்வீட், உங்கள் நோட் 5 ப்ரோ வைரெட். மீடியாடெக் சிப் உள்ள மலிவு போன்களுக்கு ராம் கட்டுபவர்கள் எப்போதும் குறைவு, தேவையான மூலம் சரியாக வெளியே வருவதில்லை. ஸ்னாப்டிராகன் 625 இருந்த ரெட்மி நோட் 4, 2017 ஜனவரியில் 9,999 ரூபாய்க்கு வந்தது. கம்பெனி அதை மறந்து பல வருடம் கழித்தும் அதற்குப் புது ஆண்ட்ராய்டு வந்துகொண்டே இருந்தது. காரணம் எளிது: அது லட்சக்கணக்கான பேர் கையில் இருந்தது, அதில் கொஞ்சம் பேர் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாணவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தனியுரிமைக்காக ராம் தேடும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஷாவ்மியை நம்பாத நான், டெலிகிராம் குழுவில் புனைபெயரில் ஒருவர் போட்ட ஒன்றரை ஜிபி ஃபைலை எதை வைத்து நம்புகிறேன்? லினேஜ் ஓஎஸ்ஸின் அதிகாரபூர்வப் பதிப்புகள் அவர்களுடைய சர்வரில் கட்டப்பட்டு, அவர்களுடைய சாவியால் முத்திரை போடப்படுகின்றன. 2016 கடைசியில், கஸ்டம் ராம் கட்டிவந்த சயனோஜென் கம்பெனி கடையைச் சாத்தியபோது அதன் மிச்சத்தில் எழுந்த திட்டம் இது, இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. குழுக்களில் சுற்றும் பல "அன்அஃபிஷியல்" ராம்கள், ஆண்ட்ராய்டு மூலத்தோடு எல்லோருக்கும் இலவசமாக வரும் சோதனைச் சாவியாலேயே முத்திரை போடப்பட்டவை. ஊரில் எல்லோரிடமும் இருக்கும் சாவியால் வீட்டைப் பூட்டுவதற்குச் சமம். அதிகாரபூர்வப் பட்டியலில் உங்கள் மாடல் இல்லை என்றால், தனியுரிமை நோக்கத்துக்கு அந்த மாடலில் ராம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் பெயரும் இதில் அடிபட்டது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் இருந்து பார் ஓஎஸ் அறிவிக்கப்பட்டபோது, இனி எல்லாப் போனிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியதுதான். முன்கூட்டியே ஏற்றிய ஆப் எதுவும் இல்லை என்பது அதன் பெருமை. ஆனால் அது கடுமையான ரகசியம் தேவைப்படும் நிறுவனங்களுக்கு என்று சொல்லி வந்தது. நீங்களும் நானும் இறக்கி ரெட்மியில் எழுதுகிற சமாசாரம் இல்லை.

அடுத்தது பேங்க் ஆப். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்று ஒரு சோதனை இருக்கிறது. ஆப் கேட்கும்: இந்தப் போன் நம்பத்தக்கதா? போன் தன் சான்றைக் காட்ட வேண்டும். 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் ஓடும் போன்களில் அந்தச் சான்று சிப்புக்குள் இருக்கும் சாவியில் இருந்து வந்தாக வேண்டும். பூட்லோடர் திறந்திருந்தால் சிப் அதை ஒளிக்காமல் சொல்லிவிடும். இதை ஏமாற்ற வழிகள் இருக்கின்றன. ரூட் என்ற உச்ச அதிகாரத்தை எடுத்து, மாட்யூல் என்ற துணை மென்பொருள் ஒன்றைப் போட்டு, வேறு ஏதோ போனில் இருந்து கசிந்த சாவியைக் காட்டுவது. கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்யும், மறுபடி புதுச் சாவி தேட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நன்றாக ஓடிய என் பேங்க் ஆப், திங்கள் காலை "உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது" என்று சொல்லி மூடிக்கொண்டது. மளிகைக் கடையில் பையை நீட்டிக்கொண்டு நின்றேன், பின்னால் நான்கு பேர். இதைவிடப் பெரிய வேடிக்கை, வேவுக்குப் பயந்து ராம் போட்டவன் கடைசியில் பேங்க் ஆப் ஓடுவதற்காக முகம் தெரியாதவர் எழுதிய மாட்யூலுக்குப் போனின் உச்ச அதிகாரத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான். இதனால்தான் பணம் போகும் போனில் வேண்டாம் என்கிறேன்.

சரி, புது ரெட்மியில் என்ன செய்வது? முதலில் எம்எஸ்ஏ. மியூஐ சிஸ்டம் ஆட்ஸ் என்பதன் சுருக்கம் என்பார்கள். (ஹைப்பர் ஓஎஸ்ஸுக்கு முன் ஷாவ்மி போன்களில் இருந்த இயங்குதளம் மியூஐ.) செட்டிங்ஸில் பாஸ்வேர்டு, பாதுகாப்புப் பகுதிக்குள் அனுமதி கொடுத்தல், திரும்பப் பெறுதல் என்று ஒரு மூலை இருக்கிறது. அங்கே எம்எஸ்ஏ என்ற வரியில் உள்ள பொத்தானை அணைத்தால் ஒரு பெட்டி வரும். "ரத்து செய்" என்ற எழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கும், பக்கத்தில் 10, 9, 8 என்று எண் ஓடும். அவசரக்காரர்கள் இதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது வடிவமைத்தவரின் எண்ணம். பூஜ்யம் வந்து அழுத்தினால் "ரத்து செய்ய முடியவில்லை" என்று வரலாம். விடாதீர்கள். மறுபடி அணையுங்கள், மறுபடி பத்து எண்ணுங்கள். மூன்றாவது நான்காவது தடவையில் விழுந்துவிடும். நெட் இணைப்பில் இருந்தால்தான் ரத்தாகும் என்பதும் இதில் ஒரு குறும்பு. அப்புறம் பூட்டுத்திரையில் கிளான்ஸை அணையுங்கள், ஃபைல் மேனேஜர், டவுன்லோட்ஸ், தீம்ஸ் ஒவ்வொன்றின் உள்ளேயும் போய்ப் பரிந்துரைகள் என்றிருப்பதை அணையுங்கள். கூகுள் செட்டிங்ஸில் விளம்பரப் பகுதிக்குப் போய் விளம்பர அடையாளத்தையே அழித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12ல் இருந்து அது முடிகிறது.

அடுத்த படிக்குக் கம்ப்யூட்டரும் நல்ல டேட்டா கேபிளும் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. செட்டிங்ஸில் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு, கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி மூலம் நீக்க முடியாத ஆப்களையும் உங்கள் கணக்கில் இருந்து நீக்கலாம். பெயர்களைத் தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்தால் யுனிவர்சல் ஆண்ட்ராய்டு டீபுளோட்டர் என்ற இலவசக் கருவி பட்டியல் போட்டு, எதைத் தூக்கினால் ஆபத்து என்றும் சொல்லும். சொல்வதைக் கேளுங்கள். ஷாவ்மியின் செக்யூரிட்டி ஆப்பையோ, போனைக் கண்டுபிடிக்கும் ஆப்பையோ வேகத்தில் தூக்கினால், அடுத்த முறை போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இது நிரந்தர நீக்கம் இல்லை, ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வரும். பூட்லோடர் பூட்டியே இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. வேலை முடிந்ததும் டெவலப்பர் பகுதியை அணைத்துவிடுங்கள், அது திறந்திருந்தாலே முறைத்துக்கொள்ளும் பேங்க் ஆப்கள் இருக்கின்றன.

செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவைக்கான இடம். அதில் ஆட்கார்டு போன்ற ஒன்றின் முகவரியைப் போட்டால் பெரும்பாலான விளம்பர, உளவு முகவரிகளுக்குப் போன் போகவே போகாது. இரண்டு நிமிட வேலை. இன்னும் ஆர்வம் இருந்தால் ரீதிங்க் அல்லது நெட்கார்டு (NetGuard) என்ற ஃபயர்வால் ஆப்பைப் போட்டு, எந்த ஆப் நடுராத்திரி எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். டார்ச் லைட் ஆப்புக்கு எதற்கு நெட் என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

கீபோர்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டும் சேர்த்து, அதன் கையில் போய்த்தான் வருகிறது. விதவிதமான ஸ்டிக்கர் தருகிறது என்று பெயர் தெரியாத தமிழ் கீபோர்டை ஏற்றிவிட்டு, ஷாவ்மி வேவு பார்க்கிறது என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. திறந்த மூல ஆப்களின் கடையான எஃப்-டிராய்டில் இண்டிக் கீபோர்டு இருக்கிறது, திறந்த மூலம், தமிழ்99 விசை அமைப்பும் உண்டு. பார்க்கப் பழையதாக இருக்கும். அதனால் என்ன?

மலிவு போன் வைத்திருப்பவர்களுக்கு நம் நாட்டில் வந்த நிஜமான கேடு இயங்குதளத்தில் இருந்து வரவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடன் ஆப்களில் இருந்து வந்தது. ஐயாயிரம் ரூபாய் கடனுக்குத் தொடர்புப் பட்டியலையும் கேலரியையும் அனுமதியாக வாங்கிக்கொண்டு, தவணை தாமதமானால் மாமனாருக்கும் மேனேஜருக்கும் மார்ஃபிங் செய்த படம் அனுப்பினார்கள். 2023 மே 31க்குப் பிறகுதான் இத்தகைய கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் தொடக் கூடாது என்று கூகுள் தன் கடையில் விதி போட்டது. கடைக்கு வெளியே இன்னும் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவும் ஃபைல்) திறந்து பணத்தை இழப்பவரை எந்தக் கஸ்டம் ராமும் காப்பாற்றாது. அப்பா அம்மா போனில், தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ராமைவிட அது அவசரம்.

இனி அந்த நோட் 5 ப்ரோ. 2018 பிப்ரவரியில் 13,999 ரூபாய்க்கு வந்த போன், ஸ்னாப்டிராகன் 636. ஆண்ட்ராய்டு 7ல் பிறந்து 9ல் கம்பெனி கைவிட்டது. இப்போது அதைப் பழைய சிஸ்டத்தோடு நெட்டில் இணைப்பதுதான் ஆபத்து, ராம் போட்டால் நிலைமை மேம்படவே செய்யும். லினேஜ் அதிகாரபூர்வமாக ஆதரித்த போன் அது. வைரெட் என்ற குறிப்பெயரை வைத்து, இன்று லினேஜிலும் இ ஓஎஸ்ஸிலும் எது கிடைக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். இ ஓஎஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் டுவால் நடத்தும் திட்டம். கூகுள் சேவைகளுக்குப் பதில் மைக்ரோஜி என்ற திறந்த மூல மாற்று அதில் உள்ளேயே வரும். ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷன் வரும், மேப் ஓடும், கூகுள் கணக்கு தேவையில்லை. வாட்ஸ்அப், யூடியூபுக்கு நியூபைப், படிக்க ஒரு பிரவுசர், பாட்டு: இதற்கெல்லாம் தாராளம்.

இந்த மாடலில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. 2018ல் ஒரு மியூஐ அப்டேட்டோடு ஆன்டி ரோல்பேக் என்ற பூட்டை இதற்குள் வைத்தார்கள். அந்த அப்டேட் ஏறிய போனில் அதற்கு முந்தைய மியூஐயை எழுதினால் உடனே செங்கல். உயிர்ப்பிக்க சர்வீஸ்காரர் பின்மூடியைக் கழற்றி, போர்டில் டெஸ்ட் பாயிண்ட் என்ற இரண்டு புள்ளிகளை இணைத்து, கம்பெனி அனுமதித்த கணக்கால் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் ராம் போடப் போய்ப் போனைத் தொலைத்தவர்கள் ஏராளம். அதனால் முதலில் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ஃபாஸ்ட்பூட்டுக்கு (கம்ப்யூட்டர் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை) போங்கள், ஒரு முயல் ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுதுபார்க்கும் படம் வரும். கம்ப்யூட்டரில் இருந்து ஆன்டி என்ற மதிப்பைக் கேளுங்கள். 4 என்று வந்தால் பூட்டு இருக்கிறது. ராம் போடுவதற்கு அது தடை இல்லை, ஆனால் பழைய மியூஐ ஃபைலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் எழுதாதீர்கள், யூடியூபில் யார் சொன்னாலும்.

பூட்லோடர் திறக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும், படங்களை முன்பே எடுத்துவிடுங்கள். ராம் போடும் முன் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) விவரம் இருக்கும் பகுதியை, ராம் எழுதப் பயன்படும் ரெக்கவரி என்ற சின்ன சிஸ்டத்தில் பேக்கப் எடுத்துக் கம்ப்யூட்டரில் வையுங்கள். அது அழிந்தால் சிம் வேலை செய்யாது. ஜியோ சிம் போடுவதாக இருந்தால், அந்த ராமில் வோல்டி அழைப்பு, அதாவது 4ஜி வழியே பேசும் வசதி, ஓடுகிறதா என்று முன்பே விசாரியுங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, வோல்டி இல்லையென்றால் பேச்சே இல்லை. வைஃபையில் மட்டும் வைத்திருப்பதாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம், நானும் அப்படித்தான் ஒரு பழைய போனை வைத்திருக்கிறேன்.

இனிமேல் புதிதாக வாங்குவதாக இருந்தால், போனை வாங்கிவிட்டு ராம் தேடாதீர்கள். ராம் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனைத் தேடுங்கள். செகண்ட் ஹேண்ட் பிக்சல் 6ஏ கிடைத்தால் கிராஃபீன் போடலாம், கூகுள் அதற்கு 2027 ஜூலை வரை பாதுகாப்பு அப்டேட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதன் பேட்டரிகளில் சிலவற்றுக்குச் சூடாகும் பிரச்சினை வந்து, 400 சார்ஜ் சுற்றுக்குப் பிறகு கொள்ளளவைக் குறைக்கும் அப்டேட்டை 2025ல் கூகுளே அனுப்பியது. வெளிநாட்டில் இருந்து வந்த, நெட்வொர்க் கம்பெனி பூட்டிய பிக்சலில் பூட்லோடர் திறக்காமல் போகலாம். காசு கொடுக்கும் முன் டெவலப்பர் பகுதியில், பூட்லோடர் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக் பொத்தான் நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ராம் எல்லாம் வேண்டாம், நீண்ட நாள் அப்டேட் வந்தால் போதும் என்றால், சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி மாதிரி ஆறு வருடம் வாக்குக் கொடுத்த போன் ஒன்றை வாங்கி, மேலே சொன்ன துப்புரவைச் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. நோட் 5 ப்ரோவை இழுப்பறையில் இருந்து எடுத்ததும் சார்ஜில் போடாதீர்கள். முதலில் பின்மூடியையும் திரை ஓரத்தையும் சுற்றிப் பாருங்கள். பின்மூடி புடைத்திருந்தாலோ, திரை ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை மாற்றிய பிறகு மற்றதைப் பார்க்கலாம். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அணைந்தால், வாயில்காப்பானைக் கெஞ்சி வாங்கிய அனுமதியும் போச்சு.